மின்படிப்பான் வந்தபின் புத்தகக்கடை எதற்கு?

புதுச்சேரியில் இருந்துகொண்டு கிண்டில் என்ற மின்படிப்பானை வாங்கினால், மிஷன் வீதிப் பக்கம் புத்தகக்கடைக்குப் போகும் வழக்கம் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் நிற்கவில்லை. சொல்லப்போனால், எதைத் தேடிக் கடைக்குப் போகிறேன் என்பது தெளிவாகியிருக்கிறது.

கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரை தானாக ஒளிராமல், மேலே விழும் வெளிச்சத்தைக் காகிதம்போல் திருப்பி அனுப்புவதால், கடற்கரைச் சாலையின் மாலை வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு படிப்பதையே விட்டிருந்த என் அம்மா, எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்துக்கு ஏழெட்டு வரியாக வைத்துக்கொண்டு மறுபடி படிக்கத் தொடங்கினார். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அச்சுப் பக்கத்தை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த பிடிஎஃப் கோப்பில், ஆறங்குலத் திரைக்கேற்ப வரிகள் மடங்கி அமையாது. அகராதி, உரைநூல், படங்கள் நிறைந்த நூல் ஆகியவற்றை அச்சில் வாங்குவதே நல்லது.

தமிழில் அச்சில் மட்டுமே கிடைக்கும் நூல்கள் இன்னும் ஏராளம். அவற்றைத் தட்டிலிருந்து எடுத்து, "இதையும் பாருங்க சார்" என்று நீட்டும் கடைக்காரரின் தேர்வை எந்தப் பரிந்துரைப் பட்டியலும் எனக்குத் தந்ததில்லை.

அமெரிக்காவில் 2012இல் புத்தக விற்பனையாளர் சங்கம் மின்படிப்பான் தயாரிக்கும் கோபோ நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சிறு கடைகளே மின்படிப்பானை விற்று, மின்னூல் விற்பனையிலும் பங்கு பெற்றன. நம் கடைகளுக்கும் அப்படியொரு ஏற்பாடு வர வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை, மாதிரிப் பக்கங்களைத் திரையில் படித்துவிட்டு, பிடித்த நூலைக் கடையில் வாங்குகிறேன்.