ஆடு முட்டிய நாய்க்குட்டிக்கு அரைப் பனடோல்

கேள்வி: மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் எட்டு ஆடுகள் வைத்திருக்கிறோம். பட்டிக் காவலுக்கென்று இரண்டரை மாத நாய்க்குட்டி ஒன்று வாங்கினோம். நிறை 2.5 கிலோ. நேற்றுப் பின்னேரம் கிடாய் அதை முட்டித் தள்ளியதாகச் சின்னவன் சொல்கிறான். இரவிலிருந்து தூக்கினால் கத்துகிறது, முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது, சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டு விலகுகிறது. ஒரு தடவை சத்தியும் எடுத்தது. இரவு பத்து மணிக்கு அம்மா அரைப் பனடோலைக் கரைத்துக் கொடுத்துவிட்டா. இன்னும் கொடுக்கலாமா? ஆடுகளுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் பூச்சி ஊசி மிச்சம் இருக்கிறது, அதில் கொஞ்சம் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். குட்டியை இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம்.

முதலில் பனடோல். ஒரு குளுசையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது. பாதி என்றால் 250. இரண்டரைக் கிலோக் குட்டிக்கு அது கிலோவுக்கு 100 மில்லிகிராம். வைத்தியர் நாய்க்குக் கொடுக்க நேர்ந்தாலும் கிலோவுக்கு 10 முதல் 15 வரைதான் கொடுப்பார். 100 என்பது ஈரலைக் கெடுக்கக்கூடிய அளவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவும் குறையலாம். அப்போது முரசு இளஞ்சிவப்பு மாறிக் கபில நிறமாகும், முகமோ பாதமோ வீங்கும், சிறுநீர் கடும் நிறத்தில் போகும். இதற்கு மாற்று மருந்து வைத்தியரிடம் உண்டு. ஆனால் அது நேரத்தோடு போக வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை உள்ளே போனதும் முதலில் சொல்லுங்கள். அம்மாவை யாரும் குறை சொல்லப்போவதில்லை, சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். இவ்வளவு நேரத்துக்குப் பிறகு அதனால் பயனில்லை, உப்பே தனியாக நஞ்சாகும். ஐபுப்ரோபன், டைக்குளோபெனக் போன்ற மற்ற நோக் குளுசைகளும் கூடாது. அவை குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூச்சி ஊசிக்கும் இந்த நோவுக்கும் தொடர்பில்லை. 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். ஆட்டுக்கு அளக்கும் பழக்கத்தில் 1 மில்லிலீற்றர் ஏற்றினால் இந்தக் குட்டிக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம் போய்விடும். கண் மங்கி, தள்ளாடி, உடல் நடுங்கிக் கிடக்கும்.

இனிக் குட்டியைப் பாருங்கள். தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் தள்ளி நின்று பார்ப்பது முக்கியம். கை பட்டதும் குட்டி பயத்தில் வேறு மாதிரி நடக்கும், நோ எங்கே என்று பிடிபடாது. இந்த வயதுக் குட்டி நாளின் பெரும்பகுதி தூங்கும், ஆகவே தூக்கம் அடையாளமல்ல. சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்காவிட்டால்தான் அடையாளம். முன்கால்களைத் தரையில் நீட்டி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி அப்படியே நின்றால், அது விளையாட்டு அழைப்பாக இல்லாதபோது வயிற்று நோவு. நீங்கள் சொல்லும் வளைந்த முதுகும் வயிற்றையோ முள்ளந்தண்டையோதான் காட்டுகிறது. படுத்துப் படுத்து எழும்புவது, வெக்கை இல்லாமலே இளைப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருப்பது, மூலையில் ஒதுங்குவது, பழகிய கையைக் கடிக்க வருவது எல்லாம் நோவின் முகங்கள்தான்.

பிறகு மூச்சு. படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூக்கத்தில் நிமிடத்துக்கு 40-க்கு மேல் போனால், அல்லது மூச்சுக்கு வயிறு உள்ளே இழுபட்டால், விலா எலும்போ நெஞ்சறையோ அடிபட்டிருக்கலாம். உடனே கிளம்புங்கள்.

மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நம் ஊர்க் குட்டிகளில் பலவற்றுக்கு முரசு கறுப்பாக இருப்பதால் நிறம் தெரியாது. அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் உடலுக்குள்ளே இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் வெளிறும், ஆனால் முட்டுப்பட்ட குட்டியில் அதை யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

நேற்றிலிருந்து எப்போது சிறுநீர் போனது என்று கேட்டுப் பாருங்கள். 12 மணித்தியாலமாகப் போகவில்லை என்றால், அல்லது வயிறு உப்பினால், சலப்பை கிழிந்திருக்கக்கூடும். பின்கால் இழுபட்டால் முள்ளந்தண்டில் அடி.

காய்ச்சல்மானி இருந்தால் வாசலின் பூசி மலவாயிலில் ஒரு சென்ரிமீற்றர் அளவே உள்ளே வையுங்கள். 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் சரி. 40 தாண்டினாலோ 37.5-க்குக் கீழே போனாலோ அவசரம். வயிற்றை அழுத்தி அழுத்திச் சோதிக்க வேண்டாம், ஒரு தடவை தட்டையாகக் கை வைத்து அது இறுகுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாமே முட்டியதால்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. சத்தியோடு நாற்றமடிக்கும் இரத்த வயிற்றோட்டமும் வந்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிகளை அது இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். கோழி எலும்பு விழுங்கினாலும், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகினாலும் இதே முதுகு வளைவு வரும்.

கொண்டுபோகும் விதத்தில் கவனம் வேண்டும். முன்கால் இரண்டையும் பிடித்துத் தூக்காதீர்கள். மடித்த துவாயை உடலுக்கு அடியில் தள்ளி, தட்டையாகத் தூக்கி, காட்போட் பெட்டியில் வையுங்கள். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். சத்தி எடுக்கும் குட்டியின் வாயைக் கட்டக் கூடாது. சாப்பாடு வேண்டாம். சோர்ந்து தொங்கினால் குளுக்கோசு கரைசலை விரலால் முரசில் தடவுங்கள், சின்னக் குட்டிக்குச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கிவிடும். கடித்தாலோ எச்சில் காயத்தில் பட்டாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, விசர்நாய் ஊசிக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று விட வேண்டாம்.

எக்ஸ்ரேயும் ஸ்கானும் உள்ள தனியார் மிருக வைத்திய நிலையங்கள் கொழும்பில் உண்டு. அடிபட்ட குட்டி என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் அது நடப்பதையும் நிற்பதையும் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மேசையில் ஏற்றியதும் பயத்தில் பல குட்டிகள் நோவை மறைத்துவிடும்.

வைத்தியர் நோ மருந்து தந்தால் அவர் சொன்ன அளவும் நாளும் மட்டும். கறுப்பு மலமோ சத்தியோ வந்தால் நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பின் அவர் சொல்லும்வரை சிறிய கூட்டில் அடைத்து வையுங்கள். கிடாய் இருக்கும் பட்டிக்குள் குட்டியைத் தனியே விட வேண்டாம். வேலிக்கு வெளியே கட்டிப் பழக்கி, ஆறு மாதம் தாண்டி உடல் பலத்த பிறகு உள்ளே விடுங்கள்.