பொருளாதார மந்தம் முற்றினால் அரசு என்ன செய்கிறது? கேள்வி பதில்

சென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு, பொருளாதார வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் பதில் சொல்கிறார்.

கவிதா, தாம்பரம்: வணக்கம் சார். பெரிய மந்தம் வந்தால் அரசு முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

வங்கியை. இன்னும் சரியாகச் சொன்னால், டெபாசிட் போட்டவர்களின் நம்பிக்கையை. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. மத்திய வங்கி பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. 1933 மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், 6ஆம் தேதியே எல்லா வங்கிகளுக்கும் கட்டாய விடுமுறை விட்டார். 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் வந்தது. 12ஆம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் பேசி, வங்கிகளைச் சரிபார்த்த பிறகே திறப்போம் என்று எளிய சொற்களில் விளக்கினார். மறுநாள் திறந்த வங்கிகளின் வாசலில் மறுபடி வரிசை. இந்த முறை பணத்தைத் திரும்பப் போடுவதற்கு! வீட்டில் பதுக்கியிருந்த ரொக்கத்தில் பாதிக்கு மேல் இரண்டே வாரத்தில் வங்கிக்கு வந்துவிட்டது.

நம்மூரும் இந்த அடியைப் பட்டிருக்கிறது. 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலானபோது மெட்ராஸில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்த வேதனையில்தான் 1907இல் இந்தியன் வங்கி தொடங்கியது.

முருகேசன், பெரம்பூர்: வருமானம் குறைந்தால் வீட்டில் செலவைச் சுருக்குகிறோம். அரசும் அதைத்தானே செய்ய வேண்டும்?

கூடாது. வகுப்பில் நான் சலிக்காமல் சொன்ன எச்சரிக்கை இது. நீங்கள் ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்தினால் உங்கள் சம்பளம் குறையாது. அரசு செலவை நிறுத்தினால் அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்களின் வருமானம் போகும், கடைசியில் அரசுக்கு வரும் வரியும் குறையும். ஜெர்மனியில் 1930 முதல் 1932 வரை ஆட்சித் தலைவராக இருந்த புரூனிங் சம்பளத்தை வெட்டினார், வரியை ஏற்றினார். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம். 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார்.

ரமேஷ், அண்ணா நகர்: இப்போது தங்கம் வாங்கலாமா?

முதலீட்டு ஆலோசனை என் துறை இல்லை.

ஃபாத்திமா, ராயபுரம்: 1930களில் மெட்ராஸ் மாகாணத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அரசு உதவியதா?

நல்ல கேள்வி அம்மா. விளைபொருள் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. ஆனால் நிலத்தீர்வையும் வட்டியும் ரொக்கத்தில் நிர்ணயமானவை. விலையோடு சேர்ந்து அவை இறங்கவில்லை. அதே கடனைக் கட்ட இரு மடங்கு நெல் விற்க வேண்டியிருந்தது. டெல்லியிலிருந்த பிரிட்டிஷ் அரசோ ரூபாயின் மதிப்பைக் குறைக்காமல், பிரிட்டிஷ் பணத்தில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதத்திலேயே பிடித்து வைத்தது. 1931இல் வருமான வரிக்கு மேல் வரி போட்டது, ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைப்பதைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. கடனில் நின்ற குடும்பங்கள் தோடு, வளையல் என்று விற்றன. அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போனது; அரசு அதை வரவேற்றது. இதை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

உருப்படியான நிவாரணம் 1938இல்தான் வந்தது. ராஜாஜி அமைச்சரவையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டப்படி, 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் நிலுவை வட்டி தள்ளுபடியானது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. பர்மாவில் இப்படி எதுவும் சரியான நேரத்தில் வரவில்லை. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போனது: முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். இரு பக்கமும் கசப்புதான் மிஞ்சியது.

தினேஷ், போரூர்: நோட்டு அச்சடித்துக் கொடுத்தால் முடிந்தது இல்லையா சார்?

விலை விழுந்துகொண்டிருக்கும்போது ஓரளவு சரி. ஜப்பானில் 1931 டிசம்பரில் நிதியமைச்சரான தகஹாஷி அதைத்தான் செய்தார். நாடு சீக்கிரம் மீண்டது. மீண்டபின் ராணுவச் செலவைக் கட்டுப்படுத்த முயன்றார். 1936 பிப்ரவரியில் ராணுவத்தினரே அவரைக் கொன்றார்கள். தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் கடினம்.

பாலாஜி, வேளச்சேரி: ரூஸ்வெல்ட் எதையும் சாதிக்கவில்லை. மந்தத்தை முடித்தது இரண்டாம் உலகப் போர்தான்.

பாதி உண்மை. வேலையின்மை முழுசாகத் தீர்ந்தது போர்க்காலத்தில். ஆனால் 1933 முதல் 1937 வரை அமெரிக்கா ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதம் வளர்ந்ததை என்ன செய்வீர்கள்?

சரஸ்வதி, மயிலாப்பூர்: பாலாஜி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1938இல் வேலையின்மை மறுபடி 19 சதவீதம் ஆனதே?

ஆமாம், ஏன் ஆனது என்று பாருங்கள். 1937இல் 'நோய் தீர்ந்தது' என்று நினைத்து ரூஸ்வெல்ட் செலவைக் குறைத்தார். மத்திய வங்கியும் வங்கிகளின் கட்டாய இருப்பை, அதாவது கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகையை, 1936-37இல் இரு மடங்காக்கியது. தொழில் உற்பத்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அந்த 19 சதவீதத்தில் அரசின் நிவாரணப் பணிகளில் சம்பளம் வாங்கியவர்களும் வேலையில்லாதவர்களாகவே கணக்கிடப்பட்டிருக்கிறார்கள். ரோடு போட்டவரை, பள்ளிக்கூடம் கட்டியவரை அப்படி எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

பாலாஜி, வேளச்சேரி: அப்படியானால் செலவு போதவில்லை என்கிறீர்கள். போர் என்பதும் பெரிய அரசுச் செலவுதானே?

இதை ஒத்துக்கொள்கிறேன். அதே பணத்தை 1934இல் வீடு கட்டவும் சாலை போடவும் செலவழித்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். ஆனால் ஒன்று: 1934 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக ஏற்றியதும் தங்கம் உள்ளே வந்து பணப்புழக்கம் பெருகியது. மீட்சியில் பட்ஜெட்டைவிட இதற்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

ஜெயந்தி, கொளத்தூர்: தங்கம் விலை ஏறுவதால் நகைச் சீட்டு கட்டலாமா?

ரமேஷுக்குச் சொன்ன பதில்தான்.

சரவணன், அம்பத்தூர்: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாநில அரசு ஏன் மத்திய அரசு மாதிரி தாராளமாகச் செலவழிப்பதில்லை? வீட்டைப்போல அதுவும் கணக்குப் பார்க்க வேண்டியதுதானே?

மறுபடியும் வீடா! மாநிலத்தால் நோட்டு அச்சடிக்க முடியாது, கடனுக்கும் டெல்லி வரம்பு வைக்கிறது. அதற்குள்தான் 2021இல் கொரோனா காலத்தில் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கொடுத்தது. ரேஷன் கடையில் வாங்கிய 2,000 ரூபாய் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே மளிகைக்கும் மருந்துக்கும் செலவாகும். உங்களைப் போன்றவர்களுக்குத் தேவை வேறு: பழைய கடனுக்கு அவகாசம், முடித்த வேலைக்கு உடனே பில் பணம். அரசுத் துறையின் ஆர்டரை முடித்துக் கொடுத்து, பணம் நிலுவையில் இருந்தால் முதலில் அதை எழுதிக் கேளுங்கள்.