பள்ளிக்கு 3 கிலோமீட்டர் போய்த் திரும்பும் கார், காலையில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை (ஊட்டி)

வாரம் ஒருமுறையாவது நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள், குன்னூர் போய்த் திரும்பினால் போதும். அதற்கு நேரமில்லை என்றால், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரை வாரத்தில் ஓர் இரவு மாட்டிவிடுங்கள். பேட்டரி மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். உடனே இன்னொன்று வாங்கிவிடாதீர்கள்.

எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து இழுத்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) திருப்பி நிரப்புவதற்குள் பள்ளி வந்துவிடுகிறது. அதுவும் பனிமூட்டத்தில் ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் மூன்றும் ஓடினால் மிச்சம் என்ன இருக்கும்? டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரியின் பலமும் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இதைப் பாருங்கள்:

1. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறக்காமல் பேட்டரியை அளக்க முடிந்தால் நல்லது. 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

2. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் குறைக்கும், அதனால் ஒரே அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். டேஷ்கேம் (சாலையைப் பதிவுசெய்யும் கேமரா) இருந்தால், அது வண்டி நிற்கும்போதும் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும்: மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றாதீர்கள். ஐடிலில் பெரிதாக ஏறாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.