மலை அமைதியும் ஓவியமும்

அன்புள்ள ஐயா,

ஓவியம் படித்துவிட்டு வேறு வேலையில் இருக்கிறேன். போன மாதம் இமாச்சலப் பிரதேசத்தில் காங்ரா பக்கம் அந்திரேட்டா கிராமத்தில், ஓவியர் சோபா சிங்கின் ஓவியக்கூடத்தைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். ஆனால் அந்த மலை, அந்த அமைதி! வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் வரையலாமா? நகரத்தில் கலை செத்துவிட்டது என்பது உண்மைதானே?
செ.

அன்புள்ள செ.,

வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். நகரத்தைப் பற்றிய கேள்விக்குள் நான் போகவில்லை. ஆனால் ‘அந்த அமைதி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட மனம் வரவில்லை. கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

மலையைப் பார்த்து உட்கார்ந்தால் கை தானாக வரையும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? அந்திரேட்டாவே அப்படி உருவான இடமில்லை. அயர்லாந்துக்காரரான நோரா ரிச்சர்ட்ஸ் அங்கே கிராமத்து மக்களைத் திரட்டி நாடகம் போட்டவர். பிரிவினைக்குப் பிறகு அங்கே குடியேறிய சோபா சிங்கின் குரு நானக் படம், அச்சுப் பிரதியாக எத்தனையோ பஞ்சாபி வீடுகளின் சுவரில் இருக்கிறது. பார்க்க ஆள் இருந்தது, கேட்க ஆள் இருந்தது.

இன்னும் பின்னால் போங்கள். அதே காங்ரா பக்கம் குலேர் என்ற சிறிய மலை அரசில், பதினெட்டாம் நூற்றாண்டில், நைன்சுக் என்ற ஓவியர். அப்பா பண்டிட் சேவு, அண்ணன் மனாகு, எல்லோரும் ஓவியர்கள். தொழில் வீட்டுக்குள்ளேயே கைமாறியது. தன்னை ஆதரித்த ஜஸ்ரோட்டா அரச குடும்பத்து பல்வந்த் சிங் தாடி திருத்திக்கொள்வதையும், கூடாரத்துக்குள் உட்கார்ந்து கடிதம் எழுதுவதையும் வரைந்திருக்கிறார் நைன்சுக். எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்! 1763-ல் பல்வந்த் சிங் இறந்தபோது அஸ்தியோடு ஹரித்வார் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கே யாத்திரிகர்களின் குடும்ப விவரங்களை எழுதி வைக்கும் பண்டா என்ற புரோகிதரின் பதிவேட்டிலும் ஒரு படம் வரைந்துவிட்டு வந்தார். ஒரு மனிதரை அத்தனை வருடம் பார்த்த கண் அது. வெறும் மலைக்காற்று அந்தக் கண்ணைத் தராது.

இமாச்சலத்தின் இன்னொரு மலை ஊரான சம்பாவின் பூரி சிங் அருங்காட்சியகத்தில் ஒரு கைக்குட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சம்பா ரூமால் என்பார்கள். ஓவியர் துணியில் கோடு போட்டுக் கொடுக்க, பெண்கள் முறுக்கில்லாத பட்டுநூலால் தைத்தது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு முடிச்சு கண்ணில் படாது. கோடு ஒருவர் கை, நூல் இன்னொருவர் கை. எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. தனியாக ஒருவர் அமைதியில் உட்கார்ந்து செய்துவிடக்கூடிய காரியமா அது?

உங்கள் கடிதத்தில் மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, அந்திரேட்டாவில் வாழும் ஒரு மனிதர்கூட இல்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு வாழ்நாள் உழைப்பைக் கடந்து வெளியே வந்துவிட்டீர்கள், ஓவியம் படித்த நீங்களே. மறுபடி போங்கள், நிச்சயம் போங்கள். ஒரு படத்துக்கு முன்னால் அரை நாள் நில்லுங்கள். அப்புறம் ஊருக்குள் போய் யாருடனாவது உட்கார்ந்து பேசுங்கள், அனுமதித்தால் அவர் முகத்தை வரையுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். மலைப் படம் வேண்டாம்.