எல்லையில் சாயும் சுவர்

கேள்வி: எங்கள் மனை பக்கத்து மனையைவிட நாலடி மேடு. மண் நிரப்பியபின், எல்லையிலுள்ள 9 அங்குல செங்கல் காம்பவுண்டுச் சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது. முட்டுக் கொடுத்தால் போதுமா? மேலே தகர வேலியும் போட நினைக்கிறோம்.

பதில்: போதாது. காம்பவுண்டுச் சுவர் மறைப்புக்குத்தான். நாலடி மண்ணைத் தாங்காது. முதலில் சுவரை ஒட்டிய மண்ணை வெட்டிப் பாரத்தைக் குறையுங்கள். பிறகு இடித்துவிட்டு, எல் வடிவ கான்கிரீட் தாங்குசுவர் கட்டுங்கள். அடித்தள அகலம் பொதுவாக மொத்த உயரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வரும். அது முழுக்க உங்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். அதன் மேல் உட்காரும் மண்தான் சுவர் கவிழாமல் பிடிக்கும். முக்கியக் கம்பி மண் பக்கம் வர வேண்டும். வெளிப்பக்கம் கட்டிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. கான்கிரீட் போடுமுன் நேரில் பாருங்கள். கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரே போடட்டும்.

பெரும்பாலும் சுவரைச் சாய்ப்பது தண்ணீர். பின்னால் நீர் தேங்கினால் தள்ளும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி, அடியில் 4 அங்குல துளைக்குழாய், 100 அடிக்கு ஓரடி வாட்டம். சுவரில் நீர்த்துளை விட்டால் பக்கத்து வீட்டுக்குள் ஒழுகும்; சண்டைதான். குழாயை உங்கள் வடிகாலுக்கே திருப்புங்கள்.

தகர வேலி காற்றை முழுதாக வாங்கும். அந்தப் பாரத்தை இன்ஜினியரிடம் முன்பே சொல்லாவிட்டால், கம்பிவலை போதும்.