நகையை அடகு வைக்காதீர்கள், அம்மா

நேற்று நாகப்பட்டினத்திலிருந்து நீங்களும் மகளும் வந்தபோது முதலில் "பதறாதீங்கம்மா" என்றுதான் சொன்னேன். மகளுடைய பெரியப்பா சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார், நகையை அடகு வைத்தால் முடிந்துவிடும் என்று நீங்கள் சொன்னதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த நகையைத் தொடவே கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். இதை ஏன் யாரும் உங்களிடம் சொல்லவில்லை?

லீவில் என்ன செய்வாய் என்று மகளிடம் கேட்டேன். மாமாவின் பைபர் போட் பட்டறையில் இருப்பாளாம். கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, ரோலரால் காற்றுக் குமிழை விரட்டுவாளாம். "குமிழ் நின்னா அந்த இடம் பின்னால உரிஞ்சு வந்துடும் சார்" என்றாள். கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டபோது அவள் முகத்தில் இந்த வெளிச்சம் இல்லை.

விமானத்திலும் இதே வேலை இருக்கிறது. இழையும் ரெசினும் சேர்ந்த பொருளைக் காம்போசிட் என்பார்கள், அதை வடிவமைப்பவர் காம்போசிட் டிசைன் இன்ஜினியர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் எடையில் ஏறக்குறைய பாதி, பெரும்பாலும் கார்பன் இழையும் ரெசினும் சேர்ந்த பொருள்தான். படகில் கையால் பூசும் ரெசின் இங்கே இழையில் ஊறியே வரும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்து, அச்சில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் சுமார் 180 டிகிரியில் வேக வைப்பார்கள். எந்த அடுக்கில் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது டிசைன் இன்ஜினியர். இழை ஓடும் திசையில்தான் பலம். குறுக்கே இழுத்தால் ரெசின்தான் தாங்க வேண்டும். அதனால் 0, 45, மைனஸ் 45, 90 டிகிரி என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள். நடு அடுக்குக்கு மேலே இருக்கும் வரிசை கீழேயும் கண்ணாடி பார்த்ததுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது பலகை அப்பளம்போல் வளைந்துவிடும். கார்பனை ஒட்டி அலுமினியம் வந்தால், ஈரம் பட்டு அலுமினியம் அரித்துப்போகும். இடையில் ஒரு கண்ணாடி இழை அடுக்கு போடுவார்கள். அவள் பட்டறையில் விரிக்கிற அதே கண்ணாடி இழை!

படிப்பு? மெக்கானிக்கல் போதும். ஏரோநாட்டிக்கல் என்ற பெயருக்காகத் தனியாரிடம் பணம் கொட்ட வேண்டாம். விமானப் பாகங்களைக் கணினியில் வரையும் 'கேட்டியா' (CATIA) மென்பொருளைப் படிக்கும்போதே பழகட்டும். அப்புறம் எம்.டெக். சேர்வதற்கான 'கேட்' (GATE) தேர்வு எழுதி, விமானக் கட்டமைப்புப் பிரிவில் சேரலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஏர்பஸ், போயிங் இரண்டுக்கும் பெங்களூரில் பொறியியல் மையங்கள் இருக்கின்றன. ஆனால் இடங்கள் குறைவு, முதல் வேலையே விமானத்தில் அமையும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். இதே இழை, ரெசின் வேலையுள்ள காற்றாலை இறக்கையில் தொடங்கினாலும் கற்ற வித்தை வீணாகாது.

கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெரியப்பா வற்புறுத்தினால் எனக்கு போன் போடச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.