சாமி இல்லேங்கிற மாமனாருக்கு ஒரு பழைய காகிதம் மட்டும் புனிதமா?

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 67 வயசு, கறுப்புச் சட்டைக்காரர். நான் சாயங்காலம் விளக்கு ஏத்தினா "என்ன, கரண்ட் போயிடுச்சா"ன்னு கேப்பார். போன மாசம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கறப்ப, பரண்ல ஒரு தகரப் பெட்டி நிறைய மக்கின பேப்பரா இருந்துச்சு, பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுட்டேன். அதுல அவரோட அப்பா அம்மாவோட சுயமரியாதைக் கல்யாணப் பத்திரிகை, 1957-ல அடிச்சது, இருந்துச்சாம். ரெண்டு நாள் சாப்பிடல. இன்னிவரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. என் பூஜை அறை மூடநம்பிக்கை, அவர் காகிதம் மட்டும் புனிதமா? இவங்களுக்கெல்லாம் புனிதம்னு ஒண்ணு உண்டா இல்லையா? இதுல, தான் செத்தா உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்துடணும், திதி கிதி கூடாதுன்னு வேற எழுதி வச்சிருக்கார். வீட்டுக்காரர் முழிக்கிறார்.
- பேர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்ம்மா, நான் வெள்ளிக்கிழமை தவறாம மாரியம்மன் கோயிலுக்குப் போறவ, அதனால உங்க மாமனார் கட்சின்னு நினைச்சுடாதீங்க. ஆனா இந்த விஷயத்துல எனக்கு அவர் பக்கம்தான் மனசு சாயுது.

ஏன்னா அது வெறும் கல்யாணப் பத்திரிகை இல்ல. 1957-ல ஐயர், ஓமம், அக்கினி வலம் எதுவும் இல்லாம சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க நிலைமை உங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல, அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. 1953-லயே மெட்ராஸ் ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, 1955-ல வந்த இந்து திருமணச் சட்டமும் சடங்கு நடந்திருக்கணும்னுதான் சொல்லுது, அப்ப சடங்கே வேண்டாம்னு மாலை மாத்திக்கிட்டு, ஒப்பந்தம் படிச்சுட்டு வந்தவங்க சட்டத்தோட கண்ணுல புருஷன் பொண்டாட்டியே இல்ல. ஊர் வாய் சும்மா இருக்குமா, அந்தம்மாவை என்னன்னு சொல்லிருப்பாங்க, பொறந்த பிள்ளையை என்னன்னு சொல்லிருப்பாங்கன்னு நான் எழுதவேண்டியதில்ல, நீங்களே யோசிச்சுப் பாருங்க. சொத்துன்னு வந்தா அண்ணன் தம்பியே "இவன் வாரிசே இல்ல"ன்னு கேஸ் போடலாம். 1967-ல அண்ணா முதலமைச்சரா வந்தப்புறம்தான் சட்டத்துல 7ஏன்னு ஒரு பிரிவு சேத்து, சொந்தக்காரங்க இல்ல ஃபிரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்திக்கிட்டாலோ மோதிரம் மாத்திக்கிட்டாலோ தாலி கட்டினாலோ போதும், கல்யாணம் செல்லும், அதுக்கு முன்னாடி நடந்ததும் சேத்து செல்லும்னு ஆச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க மாமனாருக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். பொறந்து ஒம்பது வருஷம் அவங்க அப்பா அம்மா கல்யாணத்துக்குன்னு கையில இருந்த அத்தாட்சி எல்லாம் அந்தப் பத்திரிகையும், ஒருவேளை ஒரு ஃபோட்டோவும்தான். கோர்ட்ல அது நிக்காது, ஆனா "இல்லடா, எங்கப்பா நாலு பேர் முன்னாடி மேடை போட்டுத்தான் எங்கம்மாவைக் கட்டினார்"னு ஒரு பையன் எடுத்துக் காட்ட வேற என்ன இருந்துச்சு? அதைத்தான் நீங்க கிலோ இத்தனை ரூபாய்னு போட்டுட்டீங்க. தெரியாமத்தான் செஞ்சீங்க, திட்டல. ஆனா தெரிஞ்சுக்கங்க.

இப்ப உங்க பெரிய கேள்விக்கு வரேன். சாமி இல்லேங்கிறவங்களுக்குப் புனிதம் உண்டான்னா, உண்டுதான், அவங்க அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாங்க, சொன்னா கோவம் வரும். ஒருத்தருக்கு எது புனிதம்னு தெரியணும்னா அவர் எதைக் கும்பிடறார்னு பாக்காதீங்க, எதை விக்கமாட்டார், எதை வச்சு ஜோக் அடிச்சா மூஞ்சி மாறுதுன்னு பாருங்க. என் பள்ளிக்கூடத் தமிழய்யா தீவிர நாத்திகர், கீழ கெடந்த புக்குல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திப்பார், நாங்க சிரிச்சா "பழக்கம்டீ"ம்பார். பழக்கம்னா பழக்கம்தான், ஆனா ஏன் செருப்பை மிதிச்சா ஒத்திக்கல?

பெரியார் இதுல கொஞ்சம் வேற மாதிரி ஆளு. 1944-ல கடலூர்ல அவர் மேல ஒருத்தர் ஒத்தச் செருப்பை வீசினப்ப, வண்டியைத் திருப்பச் சொல்லி இன்னொரு செருப்பையும் தேடி எடுத்துட்டுப் போனார்னு சொல்லுவாங்க, ஜோடி இல்லாட்டி யாருக்கும் உதவாதுன்னு. தன் மேல எதைப் போட்டாலும் அந்த மனுஷனுக்கு அது அவமானமாப் படல. ஆனா 2018-ல திருப்பத்தூர்ல அவர் சிலையைச் சேதம் பண்ணினப்ப தமிழ்நாடே கொதிச்சுது, எனக்கே கொதிச்சுது, நான் கோயிலுக்குப் போறவ! அப்ப அந்தச் சிலை வெறும் கல்லுன்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன். அதே நேரம் அதுகிட்ட போயி யாரும் "எனக்குப் பையன் பொறக்கணும்"னு வேண்டிக்கறதில்ல பாருங்க. சாமி கும்பிடறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் இருக்கு, மதிப்பு உண்டு, வேண்டுதல் கிடையாது. சில தோழர்கள் கேள்வியே கேக்கக்கூடாதுங்கற அளவுக்குப் போயிடறாங்க, அது எனக்குப் பிடிக்கல, கேள்வி கேளுன்னு சொன்னவர் பேர்லயேவா?

சரி, உடம்பு விஷயம். இதுலதான் நீங்க ரொம்ப பயந்துருக்கீங்கன்னு தோணுது. உடல் தானம் பண்றது உடம்பை மதிக்காததுன்னு நினைக்கறீங்க, நேர் எதிர். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு முதல் வருஷப் பாடத்திட்டத்துலயே "இந்த உடம்புதான் நம்ம முதல் ஆசிரியர்"னு ஒரு பாடம் வச்சிருக்காங்க. மேற்கு வங்கத்துல 23 வருஷம் முதலமைச்சரா இருந்த ஜோதி பாசு 2010-ல இறந்தப்ப கண்ணையும் குடுத்தாங்க, உடம்பையும் ஆஸ்பத்திரிக்கே குடுத்தாங்க, ஊரே ரோட்டுல நின்னு வழியனுப்புச்சு. எழுதி வச்சா மட்டும் போதாது, கடைசியில குடும்பம் மனசு மாறினா அந்தப் பேப்பர் பேப்பராவே போயிடும், அதனால உங்க வீட்டுக்காரர் இப்பவே அவர்கூட உக்காந்து பேசிக்கட்டும். எந்தக் காலேஜ், யாருக்குத் தகவல் சொல்லணும், ஆக்சிடென்ட் மாதிரி போஸ்ட்மார்ட்டம் பண்ற கேஸ்னா எடுத்துக்கமாட்டாங்களே அப்ப என்ன பண்றது, எல்லாத்தையும். கண்ணுன்னா ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அந்த நேரத்துல அழுதுக்கிட்டு நம்பர் தேடமுடியாது. திதி வேண்டாம்னா வேண்டாம், அவங்க பழக்கப்படி ஒரு படத்திறப்பு வைங்க, நாலு பேர் வந்து அவரைப் பத்திப் பேசட்டும். உங்களுக்கு மனசு கேக்கலேன்னா உங்க பூஜை அறையில நீங்க தனியா ஒரு விளக்கு ஏத்திக்கங்க, அதை அவர் பேர்ல ஊரைக் கூட்டிப் பண்ணாதீங்க, அவ்வளவுதான்.

அந்த கரண்ட் ஜோக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், இதை மாமனார்ட்ட படிச்சுக் காட்டுங்க. ஐயா, மேடையில கடவுள் வாழ்த்து பாடினப்ப பெரியார் எந்திரிச்சு நின்னவர். தள்ளாத வயசுல, ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க. நம்பிக்கை வந்து நிக்கல, நிக்கிற மத்தவங்களுக்காக. மருமக விளக்குக்கு நீங்க எந்திரிக்கவேண்டாம், கிண்டல் பண்ணாம இருந்தாப் போதும்.

கடைசியா அந்தப் பத்திரிகை. பேப்பர்காரரைப் போயி ஒருதரம் கேட்டுட்டு வாங்க, கெடைக்காது, ஆனாலும் போயிட்டு வாங்க, நீங்க போனது அவருக்குத் தெரியட்டும். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க வீட்டு டிரங்குப் பெட்டியில இன்னொரு பிரதி இருக்கலாம். அந்தக் காலத்து இயக்கப் பத்திரிகைகள்ல இந்த மாதிரிக் கல்யாணச் செய்தி நிறைய வரும், சென்னை பெரியார் திடல்ல நூலகம் இருக்கு, 1957 "விடுதலை" பாக்கமுடியுமான்னு உங்க வீட்டுக்காரரை விசாரிக்கச் சொல்லுங்க. அதெல்லாம் அப்புறம். இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு அவர் பக்கத்துல உக்காருங்க, "மாமா, தெரியாமப் பண்ணிட்டேன், அதுல என்னல்லாம் அடிச்சிருந்துச்சு, சொல்லுங்க எழுதிக்கறேன்"னு கேளுங்க. மனப்பாடமா வச்சிருப்பார், தலைமை தாங்கினவர் பேர்லேர்ந்து அச்சகத்துப் பேர் வரைக்கும்.